தாலி தடுப்பூசி அல்ல

‘ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்ந்தால் எய்ட்ஸ் அண்டாது’ என்ற வாசகம் தமிழ்நாட்டின் சுவர்களிலும் டிசம்பர் 1 எய்ட்ஸ் தின மேடைகளிலும் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. அறநெறியாகச் சொன்னால் அது அவரவர் விருப்பம். மருத்துவ உண்மையாகச் சொல்லும்போது அது பொய்.

எச்.ஐ.வி. பாலுறவால் மட்டும் பரவுவதில்லை. 2018 இறுதியில் விருதுநகர் மாவட்டத்தில் கருவுற்ற பெண் ஒருவருக்கு அது ஏற்றப்பட்ட ரத்தத்தின் வழியாகத் தொற்றியது.

வாசகத்தின் பெரும்பிழை வேறு. மனைவியின் ஒழுக்கம் மனைவியின் நடத்தையை மட்டுமே தீர்மானிக்கும். கணவனின் ரத்தத்தில் இருக்கும் வைரஸை அது தொடுவதில்லை. எச்.ஐ.வி. தொற்றிய சென்னைப் பெண்களைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வில், பெரும்பாலோர் கணவர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தவர்கள். மணமான பிறகு இருவரும் தவறாதிருந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. சிகிச்சை இல்லாதபோதும் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் உடலில் தங்கக்கூடியது எச்.ஐ.வி. மணத்துக்கு முன்பே தொற்றியிருந்தால், மாப்பிள்ளைக்கே அது தெரிந்திருக்காது. பல குடும்பங்களில் மனைவியின் பேறுகாலப் பரிசோதனையில்தான் தொற்று முதலில் வெளிப்படுகிறது. கணவன் அதுவரை பரிசோதனையே செய்துகொண்டிருக்க மாட்டான். முதலில் தெரியவந்தவள் என்பதாலேயே நோயைக் கொண்டுவந்தவளும் அவளே என்று புகுந்த வீடு முடிவுகட்டுகிறது. அந்தக் கொடுமைக்கு இந்த வாசகம் துணைநிற்கிறது: நோய் வந்தது என்றால் நெறி தவறினாள் என்பதே அதன் மறுபக்கம்.

பாலுறவால் பரவும் பிற வைரஸ்களிடமும் இந்த வாசகம் செல்லாது. எச்.பி.வி. மிகப் பரவலானது, பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானே மறையும். அதன் 16, 18ஆம் வகைகள் மறையாமல் நிலைத்தால், பத்து இருபது ஆண்டுகள் கழித்துக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரலாம். அப்புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இவ்விரண்டுமே காரணம். சிறுமிப் பருவத்தில் போடும் தடுப்பூசியும், 30 வயதுக்குப் பின் செய்யும் பரிசோதனையும் அதைத் தடுக்கின்றன. ஹெர்ப்பிஸ் புண் இல்லாத நாட்களிலும் பரவும். ஹெபடைடிஸ் பி, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும். அந்தக் குழந்தையின் ஒழுக்கத்தை யார் அளப்பது?

இணையருக்குள் எச்.ஐ.வி. பரவலை மாத்திரை தடுக்கிறது. சென்னையும் புனேயும் பங்கேற்ற எச்.பி.டி.என். 052 ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்றிருந்த 1,763 இணையர் சேர்க்கப்பட்டனர். தொற்றுள்ளவருக்கு உடனே சிகிச்சை தொடங்கிய பிரிவில், துணைக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைந்தது என்று 2011இல் முடிவு வெளியானது. மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், பாலுறவால் பரவுவதே இல்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. எச்.ஐ.வி. சிகிச்சைக்கான அரசின் ஏ.ஆர்.டி. மையங்களில் இந்த மருந்து 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. 2017 முதல், தொற்று உறுதியானவுடனேயே தரப்படுகிறது.

அந்த மருந்து கைக்கு வரப் பரிசோதனை முதல் படி. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் அது இலவசம். முடிவு ரகசியமாகக் காக்கப்படும். கருவுற்ற மனைவி பரிசோதனைக்குப் போகும் அதே நாளில் கணவனும் அங்கே ரத்தம் கொடுக்கலாம். ஒருவனுக்கு ஒருத்தியாக வாழ்பவனுக்குப் பரிசோதனை தேவையில்லை என்று அவனை வீட்டிலேயே நிறுத்திவைப்பது இந்த வாசகம்தான்.