சம்பந்தி வீட்டில் நீங்கள் எந்தக் கட்சி?



உறவு பார்க்கப் போகும்போது என்னென்ன கொண்டு போகிறோம்? வாழைப்பழம், முறுக்கு, பிள்ளைகளுக்கு ஒரு டின் பிஸ்கட். இவற்றோடு இன்னொன்றும் கூடவே வரும். அதுதான் நம் ஊர்ப் பந்தாட்டக் குழுவின் மேல் நமக்குள்ள பற்று.

கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் சிலாங்கூர்க் கட்சி. அவன் தங்கையைச் சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்தால், அவள் பிள்ளைகள் சிங்கப்பூர்க் கட்சி. தாய்மாமனும் மருமகனும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டாலும், மலேசியக் கிண்ணம் என்று வந்துவிட்டால் எதிரும் புதிரும்தான்.

இது நேற்று முளைத்த போட்டியல்ல. 'மலாயா' என்ற போர்க்கப்பலின் பெயரால் வந்த கிண்ணம் இது. 1921-இல் நடந்த முதல் இறுதியாட்டத்திலேயே சிங்கப்பூரும் சிலாங்கூரும்தான் மோதின. சிங்கப்பூர் வென்றது. 1965-இல் நாடு இரண்டாயிற்று. அண்ணன் ஒரு நாட்டுப் பிரஜை, தம்பி வேறு நாட்டுப் பிரஜை. பாலத்தைத் தாண்டி அக்காளைப் பார்த்து வரவும் பாஸ்போர்ட் வேண்டும் என்றாயிற்று. ஆனால் கிண்ணம் மட்டும் பிரியவில்லை. 1975 முதல் 1981 வரை ஏழு ஆண்டும் சிங்கப்பூர் இறுதியாட்டத்துக்கு வந்தது. ஆறு தடவை எதிரே நின்றது சிலாங்கூர். 1977-இல் பினாங்கை 3-2 என்றும், 1980-இல் சிலாங்கூரை 2-1 என்றும் சிங்கப்பூர் வென்றது. மற்ற ஐந்து முறையும் கிண்ணம் சிலாங்கூருக்கே!

இதில் நமக்கொரு தனிச் சங்கடம். சிலாங்கூருக்குக் கோல் காத்தவர் ஆறுமுகம். அவருடைய நீண்ட கைகளைப் பார்த்து 'ஸ்பைடர்மேன்' என்றே அழைத்தார்கள். எழுபதுகளில் சிங்கப்பூருக்கு ஆடியவர்களில் ராஜகோபாலும் உண்டு, சமாட் அல்லாப்பிச்சையும் உண்டு. எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் நம்மவர் ஒருவருக்கு வருத்தம்தான்.

சரி, எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் எப்படி நடந்துகொள்வது? உங்கள் கட்சியை மறைக்காதீர்கள். சோறு போட்டவருக்காகக் கட்சி மாறுகிறவனை அந்த வீட்டுப் பிள்ளைகளே மதிக்க மாட்டார்கள். ஜெயித்தால் ஒரு நாள் கேலி செய்யுங்கள், மறுநாள் விட்டுவிடுங்கள். தோற்றவர் வீட்டுப் பெரியவரைப் பிள்ளைகள் முன்னால் சீண்டாதீர்கள். முக்கியமாக, பணம் வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள். கேலி இரண்டு நாளில் மறந்துபோகும். மச்சானிடம் தோற்ற ஐம்பது வெள்ளி மறக்காது. அதனால் பேச்சு நின்றுபோன குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா?

1994-இல் பகாங்கை 4-0 என வென்ற கையோடு சிங்கப்பூர் அந்தப் போட்டியிலிருந்து விலகியது. 2012 முதல் 2015 வரை மறுபடி ஓர் அணியை அனுப்பியது; பிறகு அதுவும் நின்றுபோயிற்று. "பந்தாட்டம் பார்க்க வருகிறோம்" என்று சொல்லிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவர இருந்த சாக்கு போயிற்று. இந்தப் பக்கம் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்தில் அடுத்தடுத்து இருந்தவர்கள் ஊருக்கொருவராகச் சிதறிவிட்டார்கள். இப்போது பல குடும்பங்களில் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒன்றாகக் கூடுவது சாவு வீட்டில்தான். அத்தை மகன் எந்தக் கட்சி என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சில வீடுகளில் அப்படி ஓர் அத்தை மகன் இருப்பதே தெரியவில்லை!

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, நெடுநாளாகப் போகாத ஓர் உறவினர் வீட்டுக்குப் போய் வாருங்கள். திடலில் பந்து உருண்டாலும் சரி, தொலைக்காட்சியில் உருண்டாலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்து எதிர்க்கட்சி பேசுங்கள். தோற்றால், "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவாவது மறுபடி போக வேண்டி வருமல்லவா?