சத்தியம் வாங்கினால் போதுமா?

கெலிஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் வீடு வீடாகப் போகிறவர்களுக்கு ஒரு வாக்கியம் நன்கு பழகிப்போயிருக்கும். "அவர் குடிகாரர் இல்லை, சுவாமி. உடம்பு அலுப்புக்குக் கொஞ்சம் போடுவார், அவ்வளவுதான்." சொல்பவர் பெரும்பாலும் மனைவி, சில வேளை தாய். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதை வீடே சொல்லிவிடும். காதில் தோடு இல்லை. சீட்டுக் காசு கைக்கு வருமுன்பே கடனுக்குப் போய்விட்டது. பிள்ளையின் கொப்பியும் பென்சிலும் கடைக்கணக்கில் நிற்கின்றன. ஆயினும் குடும்பம் அந்தச் சொல்லை மட்டும் உச்சரிக்காது. குடிகாரன் என்றால் பாதையோரம் விழுந்து கிடப்பவன், வேலைக்குப் போகாதவன் என்பது நம்மவர் எண்ணம். நம் வீட்டு மனிதரோ விடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறாரே!

இந்த எண்ணந்தான் பல வருடங்களைத் தின்றுவிடுகிறது. பாதையோரத்தில் விழுவது நோயின் ஆரம்பமன்று. அது மிகவும் பிந்திய கட்டம். அதற்கு முன்னரே வீட்டார் கண்ணில் படும் அடையாளங்கள் உண்டு. ஒரு கால் போத்தலோடு நிறுத்துவேன் என்று தொடங்குபவரால் நிறுத்த முடிவதில்லை. முன்பு வெறியைத் தந்த அளவு இப்போது போதவில்லை. போயா தினத்தில் தவறணை பூட்டியிருக்கும் என்பதால் முதல் நாளே வாங்கி, விறகுக் கட்டுக்குள்ளோ கூரை இடுக்கிலோ ஒளித்து வைக்கிறார். இரவு நடந்தது காலையில் நினைவில் இல்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது, காலையில் கை நடுங்குவதும் ஒரு வாய் உள்ளே போனதும் அந்த நடுக்கம் நின்றுவிடுவதுமாகும்.

ஜோன் யூவிங் என்ற அமெரிக்க வைத்தியர் 1984இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் விளக்கி எழுதிய நான்கு கேள்விகளை இன்றும் உலகெங்கும் வைத்தியர்கள் கேட்கிறார்கள். குடியைக் குறைக்க வேண்டுமென்று எப்போதாவது எண்ணினீர்களா? உங்கள் குடியைப் பற்றி மற்றவர்கள் பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்ற உணர்வு அடைந்ததுண்டா? காலையில் எழுந்ததும் உடம்பை நிலைப்படுத்தக் குடித்ததுண்டா? இரண்டுக்கு 'ஆம்' என்றால் வைத்தியரிடம் போக வேண்டிய காலம் வந்துவிட்டது. இக்கேள்விகளைச் சண்டை நடக்கும் இரவில் கேட்காதீர்கள். வெறி தெளிந்த காலையில், பிள்ளைகள் பாடசாலைக்குப் போனபின் கேளுங்கள்.

நம்மவர்கள் செய்வது வேறு. சத்தியம் வாங்குகிறார்கள். மாரியம்மன் சந்நிதியில், அந்தோனியார் சுரூபத்தின் முன்னே, இல்லாவிட்டால் பிள்ளையின் தலையில் கைவைத்து. அந்த மனிதர் ஏமாற்றவே சத்தியம் செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அந்த நிமிடத்தில் அவர் முழு மனதோடுதான் சொல்கிறார். ஆனால் சத்தியம் செய்தது வாய். குடிக்குப் பழகிப்போனது மூளையும் நரம்பும். நீண்டகாலம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணித்தியாலங்களிலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். மூன்றாம், நான்காம் நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். "பேய் பிடித்துவிட்டது" என்று பூசாரியைத் தேடி ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். கவனிக்காது விட்டால் உயிரே போகலாம். அந்தக் கோலத்தைக் காணப் பொறுக்காமல் சத்தியம் வாங்கிய மனைவியே கடைக்கு ஆளனுப்பிக் கால் போத்தல் எடுப்பித்த கதைகள் உண்டு. ஊர் உடனே தீர்ப்புச் சொல்லும்: "மன உறுதி இல்லாத மனுசன்!"

எனவே, கடும் குடியை நிறுத்துவது வைத்தியரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். கெலிஓயாவிலிருந்து கண்டி பஸ்ஸில் ஏறினால் பேராதனை. அங்குள்ள போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "பைத்தியக்கார கிளினிக்குக்கா போவது?" என்ற வெட்கத்தைப் பஸ் தரிப்பிடத்திலேயே விட்டுவிட்டு ஏறுங்கள். சில நாட்களுக்கு நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் பி1 விற்றமினும் கொடுத்து இந்த ஆபத்தைக் கடத்திவிட அவர்களால் முடியும். போகுமுன் பேசிப் பார்க்க விரும்புவோருக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். குடியை வெறுக்கச் செய்யும் மாத்திரையை யாரோ கொடுத்தார்கள் என்று கறியில் இரகசியமாகக் கலந்துவிடாதீர்கள். அறியாமல் உட்கொண்டவர் வழக்கம்போலக் குடித்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து மரணம் வரை போகலாம்.

ஆஸ்பத்திரி செய்வது ஒரு வாரத்து வேலை. அதற்குப் பிந்திய வருடங்கள் குடும்பத்துடையவை. இங்கே சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதனைக் குறிப்பிட வேண்டும். பெரும் தொழிலதிபர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். பணத்துக்கும் வைத்தியத்துக்கும் குறைவில்லை. இருந்தும் குடிநோய் 1979இல் அவரது கணவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டே கணவரின் பெயரால் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று தமிழகம் அறிவது அதைத்தான். 1992இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்தாருக்கும் தனியாக ஆலோசனை உண்டு. காரணம் இலகுவானது. குடித்தவருக்காகக் கங்காணியிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்லி, அவரது கடனைத் தான் அடைத்து, அவர் வாந்தியைத் தான் கழுவி வந்த மனைவி, தன்னை அறியாமலே குடிக்கு இடம் செய்து கொடுத்து வந்திருக்கிறார். அன்பால் செய்தவைதான். ஆனால் விளைவுகள் அவரைச் சுடாதபடி இடையில் நின்றால் அவர் ஏன் வைத்தியரிடம் போகப் போகிறார்? கடனை அவரே அடைக்கட்டும். பொய்யை அவரே சொல்லட்டும். அடியை மட்டும் பொறுக்க வேண்டாம். நோய் என்பது கையோங்குவதற்கு அனுமதிப் பத்திரமன்று. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தோட்டத்து லயத்துக்கும் பொருந்தும்.

அதே நிறுவனம் திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடிக் கிராமத்தில் முகாம்களும் நடத்தியிருக்கிறது. நகரத்து மருத்துவமனைக்கு வர வசதியில்லாதவர்களை ஊரிலேயே ஒன்றாகத் தங்கவைத்து இரண்டு வாரமளவில் வைத்தியமும் ஆலோசனையும் தருவது அதன் முறை. இதைத்தான் நம் பகுதிச் சங்கங்கள் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒக்டோபர் 3ஆம் திகதி வந்தால் நாமும் பதாகை பிடித்து ஊர்வலம் போகிறோம்; பேச்சுப் போட்டி வைக்கிறோம். 1912இல் வெள்ளையர் தவறணைகளைப் பெருக்கியபோது இந்நாட்டில் எழுந்த மதுவிலக்கு இயக்கத்தையும் பெருமையாகப் பேசுகிறோம். பேசட்டும், நல்லதுதான். ஆனால் பதாகையைக் கண்டு குடியை நிறுத்திய குடிநோயாளி எவரையும் நான் சந்தித்ததில்லை. அந்தச் செலவில் ஒரு வாசிகசாலைக் கட்டடம், வந்துபோக ஒரு வைத்தியர், வீட்டாருடன் பேசத் தெரிந்த இருவர், பின்னர் மாதந்தோறும் ஒரு கூட்டம் என்று தொடங்கிவிடலாம். 1935இல் அமெரிக்காவில் இரண்டே குடிநோயாளிகள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியதிலிருந்துதான் இன்று உலகெங்கும் பரவியுள்ள அநாமதேய மதுநோயாளர் குழுக்கள் பிறந்தன. குடியை விட்டவரின் சொல்லுக்கு நம்முடைய பிரசங்கத்தைவிடப் பாரம் அதிகம்.

திரும்ப ஒருமுறை குடித்துவிட்டால் "எல்லாம் போயிற்று" என்று கைவிடுகிறோம். நீரிழிவுக்காரர் ஒருநாள் இனிப்புச் சாப்பிட்டால் கிளினிக் கொப்பியைக் கிழித்தெறிவதில்லையே. மீண்டும் கூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். மீண்டு வருபவருக்கு உண்மையான சோதனை தவறணை வாசலில் அல்ல, மரண வீட்டிலும் கலியாண வீட்டிலும் தான். குழி வெட்டப் போகிறவர்களுக்குப் போத்தல் கொடுப்பது வழக்கம் என்பார்கள். "ஒரு மடக்குத்தானே, மச்சான்" என்று தோளில் கைபோடுவார்கள். அந்த இடத்துக்கு அவரைத் தனியே அனுப்பாதீர்கள். அண்ணனோ மைத்துனரோ ஒருவர் கூடப் போகட்டும். போத்தல் சுற்றி வரும் நேரத்தில் அவர் கையில் சூடான சாயத்தண்ணி ஒரு கோப்பை இருக்கட்டும். கூடப்போனவரும் அதையே குடிக்கட்டும்.