மனித ரோபோ முதலில் நெய்வேலிக்கு வரட்டும்

புணேயில் உள்ள டிஆர்டிஓ பொறியியல் ஆய்வகம், போர்முனைக்கென மனித உருவ ரோபோவை உருவாக்கி வருவதாக 2025 மே மாதம் செய்தி வந்தது. 2027-க்குள் முடிப்பது இலக்கு. வரவேற்கிறேன். ஆனால், ஆபத்து என்றதும் எல்லை மட்டுமே டெல்லியின் நினைவுக்கு வருவது ஏன்? நெய்வேலியை அடுத்த வடக்குத்திலிருந்து அனல்மின் நிலைய ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் வீட்டில் கேளுங்கள்.

2020 மே 7 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1 அன்று அதே நிலையத்தில், நின்றிருந்த அலகை மறுபடி ஓட்டும் வேலையின்போது இன்னொன்று வெடித்தது. ஆறு பேர் அங்கேயே மாண்டார்கள். சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் பலர் அடுத்தடுத்து இறந்தார்கள்.

ஜப்பானைப் பாருங்கள். 2011-இல் விபத்துக்குள்ளான புகுஷிமா அணுஉலைக் கட்டடத்துக்குள் அனுப்ப, ரோபோவுக்குப் பேர்போன அந்த நாடே அமெரிக்காவின் ‘பேக்பாட்’டை நாட வேண்டியிருந்தது. அது ஈராக்கில் குண்டு அகற்றிய இயந்திரம். அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா ஒரு போட்டி வைத்தது. அதில் ரோபோக்களுக்குத் தந்த வேலைகள் என்ன? கதவு திறப்பது, வால்வு திருப்புவது, படி ஏறுவது. எல்லாம் ஆலை வேலைகள்! 2015 இறுதிச் சுற்றில் பல ரோபோக்கள் தடுமாறி விழுந்தன. தென்கொரியாவின் ‘ஹூபோ’ வென்றது. ராணுவப் பணத்தில் ஆலை விபத்துக்கு ரோபோ தேடியது அமெரிக்கா. நாம் ஏன் தேடவில்லை?

இத்தகைய ரோபோவைத் தொலைவிலிருந்து இயக்க ஒரு வழி உண்டு: தோளிலும் மணிக்கட்டிலும் உணரிகளைக் கட்டிக்கொண்டு ஒருவர் கையசைத்தால், தொலைவில் ரோபோவும் அப்படியே அசைக்கும். நேரமாக ஆக உணரியின் சிறுபிழைகள் சேர்ந்து கை இடம் தவறும், சமிக்ஞை தாமதமாகும். போர்முனையில் எதிரி அலைவரிசையையே முடக்குவான். பாய்லர் மேடையிலோ கேபிள் இழுக்கலாம். ஒவ்வொரு வால்வும் வரைபடத்தில் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சோதனைக்களம் கிடையாது.

ராணுவ ரகசியம் என்பது சாக்கு. வேலை போய்விடும் என்பதும் வீண் பயம்: உணரியை அணியப்போவது, வால்வைக் கைப்பழக்கத்தில் அறிந்த அதே தொழிலாளிதான். ஒப்பந்தத் தொழிலாளியைப் பலிகொடுப்பது மலிவு என்ற கணக்குதான் உண்மையான தடை.

பாதுகாப்பு அமைச்சகமும் நிலக்கரி அமைச்சகமும் உடனே ஒப்பந்தம் போடட்டும். முதல் ரோபோ நெய்வேலியில் இறங்கினால், எரியும் பாய்லர் அருகே மனிதர் போக வேண்டிய தேவை குறையத் தொடங்கும்.