நஞ்சின் அளவு வேறு, நெருப்பின் அளவு வேறு

பூச்சிமருந்துப் புட்டியின் மேலுள்ள நிற முக்கோணத்தை நம் அங்கத்தினர் அனைவரும் அறிவர். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் அந்நான்கு நிறங்களும், 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளின்படி, நஞ்சின் கடுமையை இறங்குவரிசையில் காட்டுவன. ஆயினும், பச்சை நிறத்தைக் கண்டு, இதனால் எவ்வகை அபாயமும் இல்லை என எண்ணிப் பஞ்சுப் பொதியின் அருகே வைத்தல் பெருந்தவறு. அம்முக்கோணம் நெருப்பைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. சைலீன் போன்ற கரைப்பானில் கலந்த மருந்து, நஞ்சில் எளியதாயினும் நெருப்பில் கொடியதாகலாம்.

நெருப்புக்கு உரிய அளவுகோல் வேறு. எரிவது திரவமன்று, அதனின்று எழும் ஆவியே. எந்த வெப்பத்தில் ஒரு திரவத்தின் ஆவி சிறு சுடர் பட்டவுடன் பற்றுகிறதோ, அதுவே அதன் தீப்பற்று வெப்பநிலை. இதனை மூடிய கிண்ணத்தில் சோதித்தறியும் கருவியை ஆங்கில இரசாயனர் ஏபெல் அமைத்தார். 1879இல் இங்கிலாந்தின் சட்டம் அதனை ஏற்றது. நம் நாட்டின் 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டமும் இவ்வழியே வகுக்கிறது: 23 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ்ப்பட்டவை ஏ வகுப்பு, 23 முதல் 65க்குள் பி வகுப்பு, 65 முதல் 93க்குள் சி வகுப்பு. பெட்ரோல் ஏ வகுப்பு. மண்ணெண்ணெயும் டீசலும் பி வகுப்பு.

இங்கு நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு 35 டிகிரி. பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் கோடைப் பகலின் வெப்பம் அதனைத் தாண்டிவிடுகிறது. ஆகவே தகரக் கொட்டகையில் உள்ள பி வகுப்பு எண்ணெயும் சித்திரை மாதத்தில் தீப்பொறிக்குக் காத்திருக்கும் பொருளே. அதில் சிறிது பெட்ரோல் கலந்தாலோ, எக்காலத்தும் அபாயமே.

விற்பனைக்கல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. விசைத்தெளிப்பானுக்காகப் பெட்ரோல் வாங்குவோர் இதனை அறிவர். ஆனால் உரிமம் வேண்டாமென்பது எச்சரிக்கை வேண்டாமென்பதாகாது. பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டும். ஜெயங்கொண்டம் பக்கத்து நெசவாளர்க்கு வீடே தறிக்கூடம். அங்கே தறியும் நூலும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் உள்ளன.

ஆதலின் சங்கங்கள் நான்கு காரியங்களை மேற்கொள்ளல் வேண்டும். சரக்குப் பதிவேட்டில் ஒவ்வொரு திரவத்தின் எதிரிலும் அதன் தீப்பற்று வெப்பநிலையை எழுதுதல். அவ்வெண்ணைக் காட்டும் பாதுகாப்பு விவரத்தாளை விற்பவரிடம் கேட்டுப் பெறுதல். எண்ணெயையும் மருந்தையும் பஞ்சு, நூல் கிடங்கினின்று பிரித்து, காற்றோட்டமுள்ள தனியிடத்தில், மணல் வாளியுடன் வைத்தல். எதனையும் வேறு புட்டிகளுக்கு மாற்றாதிருத்தல்.

தனிக் கொட்டகைக்குச் செலவாகுமே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் ஒரு பருவத்துப் பருத்தியும் ஒரு தெருவின் தறிகளும் அச்செலவினும் பெரியவை அல்லவா? அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனை ஆலோசித்து முடிவு செய்தல் நலம்.