நக மெருகும் விளக்கின் கதிரும்

நகத்துக்குச் சாயம் பூசுவது புதிய வழக்கம் அல்ல. ஆனால், இப்போது பரவியிருக்கும் 'ஜெல்' பூச்சு பழைய நகப் பூச்சைப் போன்றதன்று. அது காற்றில் உலராது. பூசிய பிறகு, சிறு பெட்டி போன்ற விளக்கினுள் விரல்களை வைக்க வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டதும் பூச்சு கெட்டியாகிறது. இரண்டு வாரத்துக்குக் குறையாமல் மெருகு நிலைக்கிறது.

அந்தக் கதிர் நகத்தின் மீது மட்டுமா படுகிறது? விரல் தோலின் மீதும் படுகிறது. 2023-ம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவில் சாண்டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழக விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டனர். தட்டில் வளர்த்த மனித, எலி உயிரணுக்களை இவ்விளக்கின் கீழ் 20 நிமிஷம் வைத்தபோது, நூற்றுக்கு 20 முதல் 30 வரை மடிந்தன. தொடர்ந்து மூன்று முறை வைத்தபோது 65 முதல் 70 வரை மடிந்தன. பிழைத்தவற்றிலும் மரபணுச் சேதம் காணப்பட்டது.

இதைக் கேட்டுப் பீதி அடைய வேண்டியதில்லை. தட்டிலுள்ள உயிரணு வேறு. மேல்தோல் காத்து நிற்கும் கை வேறு. இவ்விளக்கினால் புற்றுநோய் வருகிறது என்று நிரூபணமாகவில்லை. ஆனால், நிரூபணமாகவில்லை என்பதும், ஆபத்தே இல்லை என்பதும் ஒன்றாகிவிடுமா?

பூச்சிலும் கவனம் வேண்டும். கெட்டிப்படாத ஜெல் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். அந்த ஒவ்வாமை ஒரு முறை பற்றினால் ஆயுள் முழுவதும் விடாமல் இருக்கலாம். இதே இன ரசாயனங்கள் பல் வைத்தியத்திலும் பயன்படுகின்றன. பின்னால் அங்கும் தொல்லை வரலாம். பூச்சைக் கெட்டியாக்க உதவும் 'டி.பி.ஓ.' என்ற பொருளை, இனவிருத்திக்குக் கேடு தரக்கூடியது என்று கருதி, ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடை செய்துவிட்டது.

ஆகவே, அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவு வேண்டும் என்கிறோம். நகம் மட்டும் வெளியே தெரியும் கையுறை அணியுங்கள். அல்லது வெயில் காப்புக் களிம்பு தடவிக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் தோல் தடிக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேளுங்கள். தோலில் அரிப்பு கண்டால் உடனே நிறுத்துங்கள்.

வாடிக்கைக்காரர் மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். பூசிவிடும் பெண்ணோ நாள் முழுவதும் அந்த ஜெல்லுடனேயே இருக்கிறாள். பூச்சில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறிய இருவருக்கும் உரிமை உண்டு. விலைப் பட்டியலை மாட்டி வைக்கும் கடைக்காரர்கள், அதன் பக்கத்தில் இதையும் எழுதி வைக்கட்டும்.