இல்லத்து மடல்: செவியால் கற்ற பிள்ளை

திருப்பூரிலிருந்து ஒரு தாயார் எழுதிய மடல் இம்மாதம் என் மேசைமேல் இருக்கிறது. கணவர் பவர்டேபிள் ஒன்றில் ஓவர்லாக் தைக்கிறார். தாமும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் செல்கிறார். மகன் பிளஸ் டூ மாணவன். ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குக் கீபோர்டு வாசிப்பவன் அவனே. யாரும் அவனுக்குக் கற்பித்ததில்லை. எப்பாடலையும் இருமுறை கேட்டால் மூன்றாம் முறை விரலில் வந்துவிடுகிறதாம். அவன் இப்பொழுது தேர்வு எழுத மாட்டேன், இன்னிசைக் குழு ஒன்றில் சேரப்போகிறேன் என்கிறான். தகப்பனாரோ கீபோர்டை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். பதினைந்து நாட்களாக இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அந்தத் தாய் இரண்டு கேள்விகள் கேட்கிறார். இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாத பிள்ளை இசையால் பிழைக்கக்கூடுமா என்பது ஒன்று. அவன் எந்நேரமும் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருக்கும் ‘லத்தீன் ஜாஸ்’ என்பது நல்ல இசைதானா என்பது மற்றொன்று.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது எளிது. லத்தீன் என்றதும் நம் மூத்தோர்க்குப் பழைய திருப்பலியும் அதன் நீண்ட கானங்களும் நினைவுக்கு வரும். இது அந்த லத்தீன் அன்று. கியூபா முதலிய லத்தீன் அமெரிக்க நாடுகளின் தாளம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையோடு கலந்து பிறந்தது லத்தீன் ஜாஸ். உங்கள் ஆலயத்துக் கீபோர்டிலேயே அதன் உறவினர்கள் இருக்கிறார்கள். ரும்பா, சம்பா, சா-சா, போசாநோவா என்று தாளப் பொத்தான்களின் பட்டியலில் காண்பீர்கள். காணிக்கைப் பாடலுக்குக் கை தவறி அவற்றுள் ஒன்று அழுத்தப்பட்டு, பாடகர் குழுவே திகைத்து நின்ற காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

கரும்புத் தோட்டங்களில் உழைக்கும்பொருட்டு ஆப்பிரிக்காவிலிருந்து கியூபாவுக்கு அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட மக்கள் உடைமை எதுவும் கொண்டுவர இயலவில்லை. தாளத்தை மட்டும் உடலில் சுமந்து வந்தார்கள். அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1886ஆம் ஆண்டில்தான். அத்தாளத்தின் முதுகெலும்பைக் ‘கிளாவே’ என்பர். இரண்டு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் போதும்: மூன்று அடி, சற்றே இடைவெளி, பின்னர் இரண்டு அடி. இந்த ஐந்து அடிகளைச் சுற்றியே முரசும் பியானோவும் ஊதுகருவிகளும் இயங்கவேண்டும். பியானோவும் அங்கே ஒரு முரசுதான். சிறு சொற்கட்டு ஒன்றை விடாமல் திரும்பத் திரும்ப வாசித்து, மற்றவர் நடமாடத் தரை அமைத்துக் கொடுப்பது அதன் பணி.

1947ஆம் ஆண்டு ஹவானா நகரிலிருந்து சானோ போசோ என்னும் முரசுக் கலைஞர் நியூயார்க்கு வந்துசேர்ந்தார். டிஸ்ஸி கில்லெஸ்பி என்ற புகழ்பெற்ற எக்காளக் கலைஞர் அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். போசோவுக்கு ஆங்கிலம் அரிது. இசைக்குறிப்பு படிக்கவே தெரியாது. தம் மனத்தில் கேட்ட இசையைக் கருவிவாரியாக வாயால் பாடிக் காட்டினார். மற்றவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். ‘மண்டேக்கா’ என்ற பெயர்பெற்ற படைப்பு அவ்வாறு உருவாயிற்று. ஆகவே, குறிப்பு படிக்கத் தெரியாதவன் இசைஞனா என்ற ஐயத்திற்கு வரலாறு ஒருமுறை விடை சொல்லிவிட்டது. ஆயினும் அம்மனிதரின் முடிவையும் மறைக்கலாகாது. மறு ஆண்டே, 1948இல், மதுக்கூடத்தில் எழுந்த ஒரு தகராறில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பத்துமூன்று. தங்கள் கணவர் அஞ்சுவது இத்தகைய இரவுகளையும் அவற்றின் கூட்டுறவையும்தான் என எண்ணுகிறேன். அந்த அச்சத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை.

இனி முதற்கேள்வி. அதற்கு விடையாக ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையின் வரலாற்றைச் சொல்கிறேன்.

விஜய் ஐயர் என்பது அவர் பெயர். தமிழகத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோர்க்கு 1971ஆம் ஆண்டு ஆல்பனி நகரில் பிறந்தார். மூன்று வயதில் வயலின் வகுப்பில் சேர்த்தார்கள். மேல்நாட்டுச் செவ்விசையை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் முறையாகப் பயின்றார். ஆனால், அவரை உலகறியச் செய்த கருவி வயலின் அன்று, பியானோ. அதற்கு அவர் முறையான வகுப்புக்குச் சென்று வளர்ந்தவரல்லர். வீட்டில் சகோதரிக்காகப் பியானோ ஒன்று இருந்தது. சிறுவன் அதன்முன் அமர்ந்து, செவியில் கேட்டதை விரலால் தேடித் தேடிக் கற்றான். தங்கள் மகன் செய்வதும் இதுவேதான், அம்மா.

பிறகு நடந்ததைத் தகப்பனார் கவனித்துக் கேட்கவேண்டும், மகனும் கேட்கவேண்டும். விஜய் ஐயர் படிப்பை உதறவில்லை. ஏல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்று பட்டம் பெற்றார். கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்கெனச் சேர்ந்து முதுகலைப் பட்டமும் பெற்றார். பகலில் இயற்பியல், இரவில் அருகிலிருந்த ஓக்லாந்து நகரின் ஜாஸ் அரங்குகளில் மூத்த கறுப்பினக் கலைஞர்களோடு வாசிப்பு. இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டிய நாள் வந்தபோது அவர் இசையைத் தெரிந்துகொண்டார். ஆனால் பல்கலைக்கழகத்தை விட்டு ஓடிவிடவில்லை. துறையை மாற்றி, இசையையே ஆராய்ச்சிப் பொருளாக்கி, 1998இல் முனைவர் பட்டம் பெற்றார். அதற்குள் ஸ்டீவ் கோல்மன் என்ற சாக்சபோன் கலைஞரின் குழுவில் நாடு நாடாகச் சுற்றி வந்துமிருந்தார்.

அந்த ஆய்வேடு என்ன சொல்கிறது என்பதே என்னை மிகவும் கவர்ந்த செய்தி. மேற்கு ஆப்பிரிக்க இசையிலும் அமெரிக்கக் கறுப்பினத்தார் இசையிலும் தாளம் எங்கிருந்து வருகிறது? அறிவு கணக்கிட்டு உடலுக்கு ஆணையிடுகிறது என்றே பலரும் கொள்வர். அவரோ உடலே முதலில் அறிகிறது என்கிறார். ஒரு நீண்ட இசைத்தொடர் மூச்சின் அளவை ஒத்தது. அடிப்படைத் தாளம் நடையின் வேகத்தை ஒத்தது. விரைவான சிறு ஒலிகள் பேச்சின் அசைகளையும் விரல்களின் துடிப்பையும் ஒத்தவை. நல்ல முரசுக் கலைஞர் ஓர் அடியை நொடியின் நூற்றில் சில பங்கு தாமதித்து வைப்பார். அதைத் தாளில் எழுத இயலாது. அவரும் எண்ணிச் செய்வதில்லை. ஆயினும் கேட்பவரின் கால் அசைகிறது. அந்தச் சிறு தாமதத்தில்தான் உயிர் இருக்கிறது.

திருப்பூரில் இதை விளக்க அதிகம் சொல்லவேண்டியதில்லை. தங்கள் கணவரின் கால் எந்திரத்தின் பெடலில் எவ்வளவு அழுத்தவேண்டும் என்பதை எந்தப் புத்தகம் அவருக்குச் சொல்லிற்று? வளைவு வரும்போது வேகத்தைக் குறைப்பதும், நேர்க்கோட்டில் கூட்டுவதும், ஊசி மழுங்கிவிட்டதை ஒலியைக் கொண்டே உணர்வதும் ஆண்டுக்கணக்கில் காலும் கையும் செவியும் சேர்ந்து கற்றவை. ஒன்றரை ஷிப்டு முடித்து வீடு திரும்பும் தகப்பனும், பரணைப் பார்த்து ஏங்கும் மகனும் ஒரே வகையான அறிவை உடையவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இருவரும் இதை அறியார், அதனால்தான் பேசாதிருக்கிறார்கள்.

விஜய் ஐயரின் முதல் இசைத்தட்டு 1995இல் வெளிவந்தது. உடனே புகழ் வந்துவிடவில்லை. நியூயார்க்கில் குடியேறி, சிறு அரங்குகளில் வாசித்து, ஆண்டுகள் பல கழிந்தன. 2003இல் மைக் லாட் என்ற கவிஞரோடு சேர்ந்து ‘எந்த மொழியில்?’ என்னும் பொருளுடைய பெயரில் ஒரு படைப்பை வெளியிட்டார். 2001இல் ஈரானியத் திரைப்பட இயக்குநர் ஜாஃபர் பனாஹி நியூயார்க் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்ட நிகழ்ச்சியே அதற்குத் தூண்டுதல். விமான நிலையங்களில் நிறம் கருதி ஐயுறப்படும் பயணிகளும், அங்கே ஊழியம் செய்யும் அயல்நாட்டாரும் அதில் பேசுகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் நம் நிட்டிங், தையல் கூடங்களில் புரியாத மொழியில் ஏச்சு வாங்கி நிற்பதைக் கண்டவர்களுக்கு அந்தப் பெயரின் கூர்மை விளங்கும். 2013இல் அதே கவிஞரோடு, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய படைவீரர்களின் கனவுகளைப் பொருளாக வைத்து மற்றொரு படைப்பு. போர் கண்ட வீரர்களே அதில் தங்கள் கவிதைகளைச் சொன்னார்கள். இரவு விருந்துக்குப் பின்னணியாக ஒலிக்கும் இசை என்று ஜாஸைக் கருதுவோர் இவற்றைக் கேட்டால் எண்ணத்தை மாற்றிக்கொள்வர்.

தமிழ்நாட்டோடும் அவர் உறவு அறுந்துவிடவில்லை. கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னாவோடும், தபலாக் கலைஞர் நிதின் மிட்டாவோடும் சேர்ந்து 2011இல் ‘தீர்த்தா’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் பயின்றவர் என்பதை இடையே சொல்லிவைக்கிறேன், தகப்பனாருக்குப் பயன்படும். விஜய் ஐயரோடு நெடுங்காலம் வாசித்த ருத்ரேஷ் மகந்தப்பா என்ற சாக்சபோன் கலைஞரோ, ‘டூயட்’ திரைப்படத்தால் நாமெல்லாம் அறிந்த கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து இசைத்தட்டு வெளியிட்டவர்.

2013இல் அவருக்கு மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. தொகை ஆறு லட்சத்து இருபத்தைந்தாயிரம் டாலர். 2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. முதல் இசைத்தட்டிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய இருபது ஆண்டுகள்.

விஜய் ஐயர் லத்தீன் ஜாஸ் கலைஞரல்லர் என்பதைத் தங்கள் மகன் சுட்டிக்காட்டக்கூடும், அது சரியே. ஆயினும் போசோவின் முரசும் இவரது பியானோவும் ஒரே ஆப்பிரிக்க வேரிலிருந்து கிளைத்தவை. தமிழ் வீட்டுப் பிள்ளை ஒருவர் அந்த வேரைத் தேடிச் சென்று, அம்மக்களிடமே பணிவோடு கற்றார் என்பதற்காக இவரைச் சொன்னேன்.

மற்றொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அவர் வீட்டில் பியானோ இருந்தது. மூன்று வயதில் வயலின் வகுப்புக்கு அனுப்ப வசதி இருந்தது. தங்கள் வீட்டில் வார இறுதிச் சம்பளம்தான் இருக்கிறது. அவருக்கு நடந்தது தங்கள் மகனுக்கும் நடக்கும் என்று நான் எழுதினால் அது வஞ்சகம். திருமண வீடுகளில் வாசித்து இரவு இரண்டு மணிக்கு வீடு திரும்பும் இளைஞர்கள் நம் ஊர்களில் பலர். கார்த்திகை, தை, வைகாசியில் கைநிறைய வேலை. ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை இன்னிசைக் குழுவில் ஐந்தாண்டு இருந்த ஒருவரிடமே மகன் நேரில் கேட்டறியட்டும். நான் சொல்வதைவிட அது பலிக்கும்.

எனவே, என் யோசனை இது. தேர்வை எழுதட்டும், அதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். அதற்கு ஈடாகத் தகப்பனார் கீபோர்டைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுக்கட்டும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வாசிக்கலாம். கோடை விடுமுறையில் கோவையிலோ திருப்பூரிலோ நல்ல ஆசிரியர் ஒருவரிடம் ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். செவியால் கற்றது குறைபாடன்று. ஆனால் தன் மனத்தில் கேட்பதைப் பிறர்க்கு எழுதிக் கொடுக்க முடிந்தால் போசோவைப்போல் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகள் தமிழ்நாட்டிலும் நடைபெறுகின்றன. முதலிரண்டு படிகளைக் கடந்தாலே தன் நிலை அவனுக்கு விளங்கும்.

ஆலயத்தில் வாசிக்கும்போது தானாக இயங்கும் அந்தத் தாளப் பொத்தானை அணைத்துவிடச் சொல்லுங்கள். பொத்தான் ஒருநாளும் தாமதிக்காது. அதனோடு பழகிய விரல் தன் தாளத்தை மறந்துவிடும். இடக்கை தாளத்தைச் சுமக்கட்டும். முதல் சில வாரம் தடுமாறும். பாடகர் குழு பொறுத்துக்கொள்ளவேண்டும்.

புதுக் கீபோர்டு வாங்கலாமா என்றும் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இப்பொழுது வேண்டாம். பின்னாளில் வாங்கும்போது பொத்தான்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், மெல்ல அழுத்தினால் மெல்லவும் ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் ஒலிக்கும் கட்டைகள் உள்ளதா என்று மகனையே கூட்டிச் சென்று சோதித்து வாங்குங்கள். தேர்வு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். அடியில் தகப்பனார் தம் கையால் இரண்டு வரி சேர்த்தால் மிகவும் மகிழ்வேன்.