சிக்னல் யாரை எண்ணுகிறது?

(மூன்றாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு)

பாலிடெக்னிக் ப்ராஜெக்ட் கண்காட்சி என்றால் ஏதாவது ஒரு மேஜையில் கட்டாயம் ஒரு தெர்மோகோல் நாற்சந்தி இருக்கும். நாலு பக்கமும் எல்.இ.டி., ரோட்டோரம் ஐ.ஆர். சென்சார், நடுவில் ஒரு ஆர்டுயினோ. எந்தப் பக்கம் பொம்மைக் கார் நிறைய நிற்குதோ அந்தப் பக்கம் பச்சை விழும். எக்ஸ்டெர்னலும் தலையாட்டிவிட்டுப் போவார். நல்ல ப்ராஜெக்ட்தான். ஆனால் அந்த ரோட்டில் ஒரு மனுஷப் பொம்மையை நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸும் கிடையாது!

நிஜ ரோட்டிலும் கதை பெரும்பாலும் இதேதான். தாரை வெட்டி, செம்புக் கம்பியை நாலைந்து சுற்று புதைத்து, அதில் உயர் அதிர்வெண் மின்சாரம் விடுகிறார்கள். மேலே வண்டி வந்து நின்றால் அதன் இரும்பு உடம்பில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுருளின் இண்டக்டன்ஸ் குறையும். கன்ட்ரோலர் அதைப் புரிஞ்சுக்கும். நம்ம முதல் வருஷ பாடம்தான், வேறொன்றுமில்லை. சிட்னியின் ஸ்காட்ஸ் முறை இந்தச் சுருள்களை வைத்தே ஊர் முழுக்க சிக்னல்களைக் கோர்த்து ஓட்டுகிறது. நம்ம ஊரில் யாரும் லேனில் போவதில்லை, ரோட்டையும் அடிக்கடி தோண்டுவார்கள் என்பதால் கேமரா சரிப்பட்டு வரலாம். கேமராவோ, சுருளோ, எண்ணுவது வண்டியைத்தான். சுருளுக்கு உலோகம் வேணும். செருப்புக் காலோடு நிற்கிறவரை அதுக்குத் தெரியவே தெரியாது.

1958-ல் இங்கிலாந்தில் வெப்ஸ்டர் என்பவர் ஒரு சூத்திரம் கொடுத்தார். சிக்னல் சுற்று எத்தனை வினாடி இருந்தால் வண்டிகளின் சராசரி தாமதம் குறையும் என்று அதில் கணக்குப் போடலாம். சிவில் பிரிவு நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். வண்டியின் தாமதம், கவனிங்க! ரோடு கணக்கில் ஒரு பஸ் சுமார் மூன்று காருக்குச் சமம். அது ரோட்டில் அடைக்கும் இடத்துக்கான கணக்கு. காலையில் நான் தொங்கிக்கொண்டு வருகிற பஸ்ஸில் 60 பேராவது இருப்போம். பக்கத்தில் மூன்று கார், காருக்கு ஒரு ஆள். ஆக, நாங்க 60 பேரும் அந்த மூணு பேரும் மெஷினுக்கு ஒண்ணு. இது எந்த ஊர் நியாயம்?

முடியாத காரியமா என்றால் அதுவும் இல்லை. சென்னை மாநகர பஸ் இப்போது எங்கே வருகிறது என்று காட்டும் செயலி 2022-லேயே வந்துவிட்டது. பஸ் வருவது என் போனுக்குத் தெரியுது, எதிரே நிற்கிற சிக்னலுக்குத் தெரியலை! லண்டனில் பஸ்ஸின் ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தை வைத்து, அது சிக்னலை நெருங்கும்போது பச்சையைச் சில வினாடி நீட்டுகிறார்கள்.

நடக்கிறவர் விஷயத்துக்கு வருகிறேன். ரோட்டைக் கடக்க நேரம் ஒதுக்கும்போது, ஆள் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வது பழைய வழக்கம். அமெரிக்காவில் 2009-ல் அதைச் சுமார் 1.07 மீட்டராகக் குறைத்தார்கள், வயதானவர்களை நினைத்து. எங்க பாட்டி பூ விற்கிறவர். அவர் நடையை எங்க தெருவிலேயே போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். 30 மீட்டருக்கு 43 வினாடி, அதாவது வினாடிக்கு 0.7 மீட்டர். தினமும் பூக்கூடையோடு அவர் கடக்கிற சிக்னலில் மனுஷனுக்கு விழும் பச்சை 18 வினாடி. பாதி ரோட்டில் நிற்கும்போதே பைக்குகள் உறும ஆரம்பித்துவிடும். "நான் என்ன ஓடவா முடியும்?" என்பார். எங்க வீட்டில் காலேஜ் படிக்க வந்த முதல் ஆள் நான். ரேடியோவிலிருந்து ரேஷன் கார்டு வரை எதுவானாலும் என்னைத்தான் கேட்பார்கள். இதையும் கேட்டார். பதில் சொல்ல வேண்டாமா?

சுரங்கப்பாதையில் போகலாமே, நடைமேம்பாலம் இருக்கே என்பார்கள் சிலர். கூடையோடு அத்தனை படி ஏறி இறங்கச் சொல்கிறவர்கள் ஒருநாள் ஏறிக் காட்டட்டும். இன்னொரு வேடிக்கை தெரியுமா? உலகின் முதல் சிக்னல் 1868-ல் லண்டன் பாராளுமன்றம் பக்கம் வைக்கப்பட்டது. பகலில் கை மரம், ராத்திரியில் கேஸ் விளக்கு. வடிவமைத்தவர் ஒரு ரயில்வே சிக்னல் இன்ஜினியர். எதுக்கு வைத்தார்கள்? குதிரை வண்டிகளுக்கு நடுவே எம்.பி.க்களும் மற்றவர்களும் நடந்து கடக்கத்தான்! அடுத்த மாதமே கேஸ் கசிந்து வெடித்தது வேறு விஷயம்.

சிங்கப்பூரில் 2009 முதல் ஒரு ஏற்பாடு. முதியவர் தன் சலுகைக் கார்டைக் கம்பத்தில் உள்ள ரீடரில் தட்டினால், ரோட்டின் அகலத்தைப் பொறுத்து பச்சை 3 முதல் 13 வினாடி வரை கூடும். ரீடரும் கார்டும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான்தான். புரோகிராமில் ஒரு 'இஃப்' கூடுதலாகப் போடணும், அவ்வளவே.

அதை நான் வாங்கி வைத்துவிட்டேன். இந்த வருஷ மாடலில் மனுஷப் பொம்மையும் இருக்கும், பஸ்ஸும் இருக்கும். தெர்மோகோல் வெட்ட ரெண்டு பேர் வேணும். சிவில் பிரிவில் யாருக்காவது வெப்ஸ்டர் கணக்கை ஆள் கணக்காக மாற்றத் தெரிந்தால் இன்னும் நல்லது. சாயங்காலம் நாலரைக்கு மேல் எலெக்ட்ரானிக்ஸ் லேப்பில்தான் இருப்பேன்.